காலண்டருக்குப் பின்னால் ஒன்றுமில்லை

ஏப்ரல் 17, புதன்

இன்றிலிருந்து பவளமல்லி அடுக்ககத்தின் செயலாளர் நான். பதினாறு வீட்டுக்காரர்களும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமனதாக என்றால், வேறு யாரும் கை தூக்கவில்லை. “டெலிபோன் ஆபீஸ்ல ஊர்ப் புகாரெல்லாம் கேட்டவளுக்கு இது ஒரு வேலையா” என்றார் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் பேப்பர் இருந்தது.

பதவியேற்ற சூடு ஆறுவதற்குள் முதல் புகார். இரண்டாம் மாடி ஃப்ளோரா டீச்சர். பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நம்மையெல்லாம் இன்னும் ஒன்பதாம் வகுப்பு என்றே நினைக்கிறார். மீட்டர் ரூமில் மரப் பலகையின் மேல் கரையான் மண் கோடு போட்டிருக்கிறதாம்.

“அது தரைக்குள்ள இருந்து வருதுங்க. கீழ்த்தளத்துல எல்லா வீட்லயும் சுவரோரமா ஓட்டை போட்டு மருந்து இறக்கோணும். இப்பச் செஞ்சா நகத்தால கிள்ளற வேலை. விட்டா கோடாலி எடுக்கோணும்.”

எங்கள் வீடு கீழ்த்தளம். போன வருடம்தான் புது டைல்ஸ் போட்டோம். அதில் ஓட்டையா? “கூட்டத்துல பேசிக்கலாமுங்க டீச்சர்” என்று அனுப்பிவைத்தேன்.

மாலையில் பூஜை அறை வாசல் நிலையைத் துடைத்தேன். அதன் ஓரத்தில் சுவரில் பென்சிலால் இழுத்தது போல மண் நிறத்தில் ஒரு கோடு. பெயின்டர் விட்டுப்போன அழுக்கு. அந்த இடத்தில் ஓர் ஆணி அடித்து, ஹாலில் இருந்த தினசரி காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். நல்ல நாள் பார்க்கிற காலண்டர் சாமிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முறை.

மே 12, ஞாயிறு

நிரஞ்சனா முழுகாமல் இருக்கிறாள்! பெங்களூரிலிருந்து காலையில் போன் செய்தாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அழுதேன், பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம்.

ஒரே மகள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். இந்த ஹாலில் இந்தக் கொக்கியில் தொட்டில் ஆட வேண்டும். இதைத் தவிர இந்த வருடம் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மாலையில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சம்பந்தியம்மா கோகிலாம்பாள் பேசினார். தேன் ஒழுகும் குரல். “உங்குளுக்கு எதுக்குங்க சிரமம்? அப்பார்ட்மெண்டுல காத்து வெளிச்சம் பத்தாது. எங்க ஊடு பெருசு. இங்கயே பாத்துக்கலாமுங்க.” நானும் தேன் ஒழுக, “அதெல்லாம் சிரமமே இல்லீங்க” என்றேன். பெரிய வீடாம். வைத்துக்கொள்ளட்டும்.

மே 13, திங்கள்

டீச்சர் மருந்தடிக்கும் கம்பெனிக்காரரையே கூட்டி வந்துவிட்டார். அவர் ஸ்குரூ டிரைவர் பிடியால் கண்ட கதவையெல்லாம் தட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டுக்குள்ளும் வருவேன் என்றார். சமையல் நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். காலை பத்தரைக்கு என்ன சமையல் என்று டீச்சர் கேட்டார். இந்த அம்மாவுக்கு எதற்கு அது?

மொட்டை மாடிக் கதவையும் பார்த்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் பட்டு அடிப்பலகை ஊறிப் போயிருக்கிறதாம். அந்த ஒரு பலகையை மாற்றினால் போதுமாம்.

மாற்றலாம்தான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் ஓட்டை போடக் கூடாது. காலங்காலமாக இருக்கிற சாஸ்திரம். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“பிள்ளைத்தாய்ச்சி பெங்களூர்ல இருக்கா. ஆணி இங்க இருக்குது” என்றார்.

“தாய் வீடும் கணக்குத்தானுங்க.”

“அப்ப கோபியிலயும் அடிக்கக் கூடாது. கர்நாடகாவுல எப்படி?”

இவரிடம் பேசி மாளாது. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டேன்: அனைவரின் நலனையும் கருதி கரையான் வேலையும் கதவு வேலையும் ஒத்திவைக்கப்படுகின்றன. பதினோரு பேர் கும்பிட்டார்கள். வேலை வேண்டாம் என்றால் நம் ஜனங்களுக்கு எப்போதும் சந்தோஷம்தான்.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று மழை. இன்று காலையில் வீடெல்லாம் ஈசல். ஈசல் பறந்தால் மழை நன்றாகப் பெய்யும் என்பார்கள். இறகுகளைக் கூட்டிக் கூட்டி முதுகு விட்டுப்போனது.

படிக்கட்டில் டீச்சர் பிடித்துக்கொண்டார். “ஈசல் வேற கரையான் வேற இல்லீங்க. றெக்க மொளைச்ச கரையான்தான் ஈசல். புதுக் குடித்தனம் வெக்கக் கிளம்பியிருக்குதுக. உங்க வீட்ல எங்கிருந்து வந்துது?”

“ஜன்னல் வழியாத்தானுங்க” என்றேன்.

ஜன்னல் நேற்று மழைக்குச் சாத்தியது. திறக்க மறந்துவிட்டேன். அதனால் என்ன, ஈசல் எங்கும் நுழையும்.

ஜூன் 22, சனி

காலண்டரின் இடது பக்கம் கோடு கொஞ்சம் வெளியே தெரிகிறது. பெயின்டர்களை நம்பவே கூடாது. மளிகைக் கடையில் ஒரு மாதக் காலண்டர் வாங்கி வந்து பக்கத்தில் மாட்டினேன். ஆணி அடிக்கவில்லை, பசைக் கொக்கி ஒட்டினேன். சாஸ்திரத்தை நான் மீறவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. டீச்சர் மறுபடி வந்தார். ஆடியில் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது என்றேன். “கரையானுக்கு ஆடி கெடையாதுங்களே” என்றார். அது கரையானின் பாவம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இவர் காலையில் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனார். கதவு உப்பிக்கொண்டு திறக்கவில்லை. ஆம்பளை அல்லவா, உதைத்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. கால் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மூன்றாம் மாடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மாடி பவித்ரா செல்போனில் படம் எடுத்தாள். மரத்தைக் கையாலேயே பிய்த்து அவரை விடுவித்தார்கள். ஊறிய ரஸ்க் போல வந்தது.

ஆசாரி வந்து பார்த்தார். ஒரு பலகை மாற்றுகிற கதை முடிந்துபோய்விட்டதாம். கதவு, நிலை இரண்டும் புதிதாகப் போட வேண்டுமாம். நிலையை எடுத்தால் சுற்றிச் சிமெண்டு பூச வேண்டும். பூசினால் பெயின்ட் அடிக்க வேண்டும். எல்லாம் தை மாதம் பார்க்கலாம் என்று, கதவின் ஓட்டையில் ஒரு தகர விளம்பரப் பலகையை வைத்துக் கட்டச் சொன்னேன். இப்போது மொட்டை மாடிக்குப் போகும் வழியில் உரக் கம்பெனிக்காரர் ஒருவர் கும்பிட்டு வரவேற்கிறார்.

“இந்தக் கால் உன்ற சாஸ்திரத்துக்குப் பலி” என்றார் இவர், காலில் மருந்து போடும்போது. சிராய்ப்புத்தான். ஆண்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு.

செப்டம்பர் 18, புதன்

ஏழாம் மாதம் வளைகாப்பு வைக்கலாம் என்றால் புரட்டாசி வந்துவிட்டது. ஒன்பதாம் மாதம், ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். “பொறவு பொண்ணை அனுப்பறதா வேண்டாமான்னு யோசிப்பமுங்க” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இன்னொரு செய்தி. முதல் மாடி பவித்ராவும் முழுகாமல் இருக்கிறாளாம். டீச்சர் படியிறங்கி வந்து என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப இனி அவளுக்குப் பொறக்கற வரைக்கும் ஓட்டை போடக் கூடாதுங்களா?”

“சாஸ்திரம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே.”

“பதினாறு வீடு இருக்குது. வருஷம் பூரா யாராச்சும் ஒருத்தி முழுகாமத்தான் இருப்பா. அப்ப எப்பத்தானுங்க மருந்தடிக்கறது?”

நல்ல கேள்வி. அடுத்த செயலாளர் யோசிக்கட்டும்.

அக்டோபர் 9, புதன்

இன்று பூஜை அறை நிலையில் விபூதிக் கையைத் துடைத்தேன். விரல் உள்ளே போனது.

அக்டோபர் 10, வியாழன்

அந்த இடத்துக்குச் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பினேன். பார்க்க மங்களகரமாக இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

சுவரில் இப்போது மூன்று காலண்டர்கள். மூன்றாவதை நகைக்கடையில் கேட்டு வாங்கினேன். “இப்ப எதுக்குங்க மேடம் இந்த வருஷக் காலண்டர்? இன்னும் கொஞ்ச நாள்ல புதுசே வந்துருமே” என்று அந்தப் பையன் விழித்தான். பழசுதான் ராசி என்றேன்.

இவர் காபியை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு காலண்டர் மாட்டினா மாசம் வெசையாப் போகுமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுன்னு கேட்டிருக்கறேன். இவ்வளவு கொஞ்சூண்டு சோத்துல யாரும் மறைச்சதில்ல” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சத்தம் போட்டேன். இப்போது மருந்து அடித்தால் வீடெல்லாம் வாடை. டைல்ஸைத் தோண்டிப் போட்டால் வீடெல்லாம் புழுதி. அதைப் பார்த்தால் சம்பந்தியம்மா பெண்ணை அனுப்புவாரா? கரையான் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அந்தப் பெரிய வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். என் குழந்தை இங்கே வர வேண்டும். அவள் வந்து, பெற்று, பேர் வைத்து, நல்லபடியாகப் போன பிறகு இந்தக் கட்டடத்தையே தோண்டட்டும்.

இவர் காபி டம்ளரை அவரே கழுவி வைத்தார்.

நவம்பர் 4, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். மருந்து வேலைக்கு டிசம்பர் கடைசியில், பேர் வைத்து முடித்த கையோடு. மார்கழியில் அவ்வளவாக நல்ல நாள் இருக்காதுதான். அப்போது புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குழுவிலும் போட்டுவிட்டேன். ஆறு பேர் மட்டும் கும்பிட்டார்கள். மற்றவர்கள் வீட்டில் பாத்ரூம் கதவுகள் அடியில் உதிர ஆரம்பித்துவிட்டன என்று டீச்சர் சொன்னார்.

நவம்பர் 10, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் கோபியில் வளைகாப்பு அமோகமாக நடந்தது. இரண்டு கை நிறைய வளையலும் கன்னம் நிறையச் சந்தனமுமாக நிரஞ்சனா சாமி சிலை போல உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா தானே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார். வீட்டை வேவு பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். வந்தால் வரட்டும், வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஆரத்தி எடுத்தேன். வலது காலை வைத்து வந்தாள். ஃப்ளோரா டீச்சர் கேக் செய்து எடுத்து வந்திருந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மா எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பாத்ரூம், சமையல் கட்டு, பெண்ணுக்காக ஒதுக்கிய அறை. குறை ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு மனசு நிறைந்தது.

அப்புறம் பூஜை அறை முன்னால் நின்று கும்பிட்டார்.

“பரவால்லீங்க, காலண்டரெல்லாம் நெறைய வெச்சிருக்கறீங்க. டிசம்பர்ல எந்தெந்த நாள் நல்லாருக்குதுன்னு ஒருக்காப் பாத்துரலாமுங்க” என்று தினசரி காலண்டரில் கையை வைத்தார்.

நான் குறுக்கே ஓடினேன். ஓடி என்ன பிரயோஜனம்?

முதல் சில தாள்கள் சரியாகப் புரண்டன. அதற்குப் பின்னால் தாள் இல்லை. கரையான் சுவர்ப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது. டிசம்பர் மாதம் முழுவதும் மண்ணாக அந்த அம்மாவின் பட்டுப்புடவை மேல் கொட்டியது. அந்த மண்ணிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஓடின. அவர் அலறி, பிடித்துக்கொள்ள நிலையில் கையை வைத்தார். கை சந்தனத்தோடு உள்ளே போய்விட்டது. ஆணி, காலண்டர், சுவர்ப் பூச்சு எல்லாம் சேர்ந்து இறங்கின. அடுத்த இரண்டு காலண்டர்களையும் டீச்சர் எடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் முதுகு இல்லை.

நாங்கள் காத்திருந்த நல்ல நாளையெல்லாம் கரையான் தின்றுவிட்டது.

“சம்பந்தியம்மா, இது எத்தனை நாளா இருக்குதுங்க?” என்று கோகிலாம்பாள் கேட்டார். குரலில் தேன் இல்லை.

நிரஞ்சனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். “எனக்காகவா தள்ளிப் போட்டே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லம்மா” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“கெளம்பு கண்ணு. நம்மூட்டுக்கே போலாம்” என்று சம்பந்தியம்மா அவள் பையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் டீச்சர் பேசினார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “நாளன்னைக்கே மருந்துக்காரரை வரச் சொல்றேன். அந்த வாடையில புள்ளை இருக்கக் கூடாது. இப்பக் கூட்டிட்டுப் போங்க. வேலை முடிஞ்சு, டாக்டரும் சரீன்னு சொன்னாக் கொண்டாந்து எங்க வீட்ல விடுங்க. ரெண்டாம் மாடி, எல்லாம் இரும்புக் கதவு. என்ற மகளோட ரூம் சும்மாத்தான் கிடக்குது. அவங்கம்மா ரெண்டு மாடி ஏறினாப் பாத்துக்கலாம்.”

“யோசிச்சுச் சொல்றமுங்க” என்றார் சம்பந்தியம்மா.

கார் போய்விட்டது. நிரஞ்சனாவின் ஒரு வளையல் சோபாவில் கிடந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

மருந்துக்காரர் மதியம் மூன்றேகாலுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை, ராகு காலம். “நாலரைக்கு மேல வரச் சொல்லட்டா?” என்று இவர் என்னிடம் கேட்டார். “ஆரம்பிக்கச் சொல்லுங்க” என்றேன்.

மெஷினை எங்கள் ஹாலில்தான் முதலில் வைத்தார்கள். டைல்ஸ் ஒவ்வொன்றாக உடைந்தது. பவித்ராவை அவள் அம்மா வந்து காலையிலேயே பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போய்விட்டார். போகும்போது, “எனக்கு இந்த சாஸ்திரத்துலயெல்லாம் நம்பிக்கை இல்லீங்க ஆன்ட்டி. நீங்க செக்ரட்டரி, சொன்னா செரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்” என்றாள். நான் இவளையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஆசாரி வந்தார். எங்கள் வீட்டில் நிலைகள் நான்கும் போச்சு. பரணில் வைத்திருந்த தொட்டில் கட்டையை எடுத்தேன். கையில் எடுத்ததும் இரண்டாக மடிந்தது. நிரஞ்சனா ஆடிய தொட்டில். பக்கத்து வீட்டில் இரண்டு நிலை, மீட்டர் பலகை, மாடிக் கதவு, டீச்சர் வீடு தவிர எல்லா வீட்டு பாத்ரூம் கதவும். அவர் சொன்ன தொகையைக் குழுவில் போட்டேன். யாரும் கும்பிடவில்லை.

சித்திரையில் கேட்டதைப் போல எத்தனை மடங்கு என்று டீச்சரால் சொல்ல முடியும். அவர் சொல்லவில்லை. இந்த அம்மாவிடம் நல்ல குணம் இருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று.

நவம்பர் 17, ஞாயிறு

அவள் வரவில்லை. போன் செய்தால், யோசிக்கிறார்களாம்.

நவம்பர் 18, திங்கள்

வரவில்லை. சாம்பாருக்கு உப்புப் போட மறந்தேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

நானே கோபிக்குப் போனேன். சம்பந்தியம்மா காபி கொடுத்தார். குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்: “சித்திரையிலிருந்தே எனக்குத் தெரியுமுங்க. நீங்க புள்ளைய அனுப்ப மாட்டீங்களோன்னு பயந்து மூடி வெச்சேன்.”

அவர் எழுந்து என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பெரிய வீட்டின் பின்வாசல் நிலையில் ஒரு பெரிய கோலப் படம் மாட்டியிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். அடியில் மண் கோடு, தும்பிக்கை தடிமனுக்கு.

“உங்க டீச்சரம்மாகிட்டச் சொல்லி, அந்த மருந்துக்காரர் நெம்பர் வாங்கித் தாங்க” என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் நிரஞ்சனா பயந்துபோய் ஓடி வந்தாள்.

நவம்பர் 21, வியாழன்

டாக்டர் சரி என்றுவிட்டார். நிரஞ்சனா வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு இல்லை, இரண்டாம் மாடிக்கு. எங்கள் வீட்டில் இன்னும் ஒரு நிலையும் நிற்கவில்லை, ஹாலில் நடந்தால் ஜல்லி குத்துகிறது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக, நான் பெற்று வளர்த்த பெண் டீச்சர் வீட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கருநாகம் நல்ல கேக் செய்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நான் ரசத்தைத் தூக்கிக்கொண்டு மூட்டு வலியோடு மாடி ஏறுகிறேன்.

என் ஹாலில் தொட்டில் ஆடாது. ஒவ்வொரு படியிலும் அதைத்தான் நினைக்கிறேன். டிசம்பர் வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேனே.

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மூக்கு சம்பந்தியம்மா மூக்கு. பரவாயில்லை.

குளிப்பதற்காக வீட்டுக்கு வந்தேன். என்ன நட்சத்திரம், நல்ல நேரம்தானா என்று பார்க்கக் கால் தானாகப் பூஜை அறைப் பக்கம் போனது. சுவர் வெறுமையாக இருந்தது. ஆணி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, அதிலும் மருந்து ஊற்றி அடைத்திருந்தார்கள். இன்றைய தாளைக் கரையான் எப்போதோ தின்று முடித்துவிட்டது.

இவர் பின்னால் வந்து நின்றார். “செல்போன்ல காலண்டர் இருக்குது. என்ன நாள்னு பாத்துச் சொல்லட்டா?”

“வேண்டாமுங்க” என்றேன். “புள்ளை நல்லாருக்குது.”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். பாத்ரூமுக்கு இன்னும் கதவு போடவில்லை. இவரை வாசலில் காவலுக்கு நிற்கச் சொன்னேன்.